பின்னால் ஆடாமல் வந்த விளக்கு

12.02.2024, திங்கட்கிழமை

சென்ற நவம்பர் 25-க்குப் பின் இந்த நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை. எழுபத்தெட்டு நாட்கள் விடுபட்டுள்ளன. 1979 முதல் இவ்வளவு நீண்ட இடைவெளி நேர்ந்ததில்லை. என் மனைவி சகுந்தலா காலமான 2017-இல் கூட ஒன்பது நாட்களே விடுபட்டன. காரணத்தை விவரிப்பது அவசியமன்று.

இன்று எழுதக் காரணம் உண்டு. காலை 10.40-க்கு ஓசூரிலிருந்து ஜெசிந்தா தொலைபேசியில் அழைத்தாள். என் நண்பர் மரியசெல்வத்தின் மகள். தொடை எலும்பில் கம்பி வைத்துத் தைத்தபின் செல்வம் அவள் வீட்டில்தான் இருக்கிறார்.

“மாமா, அப்பா நடக்கவே மாட்டேங்கிறாரு. கட்டில் பக்கத்துல வாக்கர வச்சா அதுல துண்டக் காயப் போடுறாரு. மார்ச் முடியறதுக்குள்ள நடக்க ஆரம்பிக்கலன்னா முட்டி மடங்காமலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன். உங்க பேச்சத்தான் கேப்பாரு.”

பார்க்கலாம் என்றேன்.

“அன்னைக்கு நீங்க பத்தே நிமிஷத்துல திரும்பி வந்ததாலதான் அப்பா இன்னைக்கு இருக்காரு. அத நான் மறக்க மாட்டேன் மாமா” என்றும் சொன்னாள்.

அழைப்பு 10.52-க்கு முடிந்தது. பகல் உணவு உண்ணவில்லை.

14.02.2024, புதன்கிழமை

மோட்டார் சைக்கிளின் உறையை அகற்றினேன். பேட்டரி உயிரற்றுக் கிடந்தது. பின்சக்கரத்தில் காற்று பாதிதான் இருந்தது. கைப்பிடிகளைப் பாச்சை கடித்திருக்கிறது.

இந்த வண்டியைச் சென்ற ஆண்டு ஆகஸ்ட் 17-இல் வாங்கினேன். அறுபத்தொன்பது வயதில் புதிய வண்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அளித்த விடையை இங்கும் பதிகிறேன். என் வலது பெருவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி ஒரு மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டுவரை மரத்துப்போகும். இந்த வண்டியில் க்ரூஸ் கண்ட்ரோல் உண்டு. விரும்பிய வேகத்தை அடைந்ததும் பொத்தானை அழுத்தினால் வண்டி அவ்வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் விடுபடும். கைக்கு ஓய்வு. அவ்வளவே.

16.02.2024, வெள்ளிக்கிழமை

சிக்கந்தரின் பட்டறைக்கு வண்டியை வேனில் ஏற்றி அனுப்பினேன். பேட்டரி புதிது. க்ரூஸ் கண்ட்ரோலில் ஏதேனும் கோளாறு இருக்கிறதா என்று முழுமையாகச் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டேன். வேகத்தைக் கூட்டுகிறதா, விடுபடாமல் பிடித்துக்கொள்கிறதா, ஓட்டுபவரின் கவனத்துக்கு வராமல் ஏதும் செய்கிறதா என்று மூன்று கேள்விகளைத் தாளில் எழுதியும் கொடுத்தேன்.

மாலை 5.15-க்கு, பட்டறை வாசலில் நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து இறங்கியதும், அவர் விடை கூறினார்.

“சார், ஒரு கோளாறும் இல்ல. கம்பெனியில இருந்து வந்த மாதிரியே சுத்தமா இருக்கு. நீங்க என்ன, ஏதாச்சும் இருக்கணும்னு எதிர்பாக்குறீங்களா?”

இல்லை என்றேன்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரவுண்டு அடிக்கும்போது பாத்தேன். நீங்க வண்டியப் புடிக்கல, கழுத்த நெரிக்கிறீங்க. க்ரூஸப் போட்டப்புறமும் அப்படிப் புடிச்சா அப்புறம் அது எதுக்கு? கைய வச்சிருங்க, போதும். சும்மா ஒரு தோள்ல கை போடுற மாதிரி.”

கோளாறு இல்லை. நன்று.

18.02.2024, ஞாயிற்றுக்கிழமை

ரிங் ரோட்டில் 22 கிலோமீட்டர். பொத்தானை அழுத்தவில்லை.

21.02.2024, புதன்கிழமை

காலை 6.05-க்குப் புறப்பட்டேன். ஐந்தாம் கியரில் அறுபதைத் தொட்டதும் பொத்தானை அழுத்தினேன். பச்சை எழுத்து ஒளிர்ந்தது. நான்கு கிலோமீட்டர் வரை தாங்கினேன். பின் என்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன். முன்னால் ஒன்றுமில்லை. சாலை காலியாக இருந்தது. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். பின்னாலும் ஒருவருமில்லை. இருக்க நியாயமுமில்லை.

25.02.2024, ஞாயிற்றுக்கிழமை

நெடும்பயணத்தில் இவ்வசதியை வருத்தமின்றிப் பயன்படுத்தும் முறையை, பிறருக்கும் உதவக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

சுற்றியுள்ள வாகனங்களின் வேகத்தைவிடச் சற்றே குறைவாக நம் வேகத்தை நிலைநிறுத்த வேண்டும். மிகுதியாக வைத்தால் ஒவ்வொரு லாரிக்கும் பிரேக் பிடித்து, மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்த நேரும். கைக்கு ஓய்வு கிட்டாது, மனத்துக்கு எரிச்சலே மிஞ்சும். வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிடலாகாது. உள்ளங்கை படிந்திருக்க, இரு விரல்கள் பிரேக்கின்மேல் காத்திருக்க வேண்டும். முழங்கையைத் தளர்த்தினால் தோள் தானே இறங்கும். மழையிலும், மலைப்பாதையிலும், ஊருக்குள்ளும் தொடவே கூடாது. எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், ஏனெனில் வலி தெரியாதபோதுதான் உடல் கட்டையாகிப்போகிறது.

இவ்வசதியில் உண்மையான இடர் ஒன்றே. கைக்கு வேலை இல்லாதபோது கண்ணும் தன் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறது.

26.02.2024, திங்கட்கிழமை

இன்றோடு மூன்று மாதம். எழுத ஒன்றுமில்லை.

02.03.2024, சனிக்கிழமை

ஜெசிந்தா மீண்டும் அழைத்தாள். 23-ஆம் தேதி வருவதாகச் சொல்லிவிட்டேன்.

“பைக்லயா? மாமா, உங்களுக்குத்தான் ரயில்வே பாஸ் இருக்குல்ல. ஏறிப் படுத்தா காலைல இறங்கிடலாம். எதுக்கு இந்த வெயில்ல நானூறு கிலோமீட்டர்?”

ரயில் வந்து சேரும் நேரம் எனக்கு வசதிப்படாது என்றேன். அவள் சிரித்தாள். முப்பத்தோராண்டுகள் கண்ட்ரோல் அலுவலகத்தில் ரயில்களின் நேரத்தை நிர்ணயித்தவனுக்கு எந்த ரயிலின் நேரமும் வசதிப்படவில்லையாம்.

“அப்பாகிட்ட போனத் தரட்டுமா?”

வேண்டாம், நேரில் பேசிக்கொள்கிறேன் என்றேன். பின்னணியில் அவருடைய இருமல் கேட்டது.

09.03.2024, சனிக்கிழமை

திண்டுக்கல் புறவழிச்சாலைவரை சென்று திரும்பினேன். மொத்தம் 131 கிலோமீட்டர். வேகத்தை எழுபத்தைந்தில் நிலைநிறுத்தி, முதல்முறையாக இருபது நிமிடங்கள் இடைவிடாமல் ஓட்டினேன். சிக்கந்தர் கூறியபடி கையை வைத்துமட்டும் இருந்தேன். பெருவிரல் வலிக்கவில்லை. தோள் இறங்கியது. காற்று இதமாக இருந்தது. கொடைரோட்டைக் கடக்கையில் ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பதை உணர்ந்தேன்.

உணர்ந்ததும் நிறுத்திவிட்டேன். பாட்டை மட்டுமல்ல, வண்டியையும். மைல்கல்லில் அமர்ந்து தண்ணீர் குடித்தேன்.

10.03.2024, ஞாயிற்றுக்கிழமை

நேற்றைய குறிப்பில் 131 என்று எழுதியது பிழை. 134.

பிழைகளைத் திருத்துவதென்றால் முறையாகத் திருத்த வேண்டும். ஆகவே 26.11.2023, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றபின் ஆண்டுக்கொருமுறை நானும் செல்வமும் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் போவது வழக்கம். நான் கண்ட்ரோலராக இருந்தவன். அவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். ஆகவே நான் முன்னால், அவர் பின்னால். இது பேசி வைத்ததன்று. ரயிலில் ஓட்டுநர் திரும்பிப் பார்க்க, கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடி காட்டுவார். எல்லாம் சரி என்று பொருள். அதையே நாங்கள் சாலைக்குக் கொண்டுவந்தோம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நான் இடது கையை உயர்த்துவேன். அவர் முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டுவார்.

அன்று காலை 5.00-க்கு மதுரையிலிருந்து புறப்பட்டோம். நாமக்கல் புறவழியில் 7.50-க்குத் தேநீர். அவர் இட்லி வேண்டாமென்றார். சர்க்கரை மாத்திரை போட்டிருந்தும் உண்ணவில்லை.

“சேலத்துல சாப்பிட்டுக்கலாம்யா. நீ ஒம் புதுப் பொண்டாட்டியோட முன்னால போ. பட்டன அமுக்கு, அது பாத்துக்கும். நான் என் பழைய வண்டிய, இந்த முருங்கைக்காய, முறுக்கிக்கிட்டே வர்றேன்” என்றார்.

8.05-க்குக் கிளம்பி, 8.10-க்குக் கையை உயர்த்தினேன். விளக்கு இருமுறை சிமிட்டியது. அதன்பின் க்ரூஸை எழுபத்தைந்தில் நிலைநிறுத்தினேன். சாலை நேராக, காலியாக இருந்தது. கண்ட்ரோல் சார்ட்டில் எங்கும் தடைபடாமல் ஓடும் ரயிலின் கோடு ஒரே சாய்வில் செல்லும். அத்தகைய கோட்டை வாழ்நாளில் நான் சிலமுறையே வரைந்திருக்கிறேன். அன்று நானே அந்தக் கோடாக இருந்தேன். பிரேக்கைத் தொட்டால் கோடு முறியும். தொடக்கூடாது என்று தீர்மானித்தேன்.

8.25-க்குக் கையை உயர்த்தினேன். கண்ணாடியில் விளக்கு தெரிந்தது. அவ்வேளையில் ஒரு பாலத்தின் இணைப்புகளைக் கடந்தோம். விளக்கு இருமுறை குதித்தது. அதைப் பதிலாகக் கொண்டேன். 8.40-க்கு மீண்டும் உயர்த்தினேன். அப்போது சிமிட்டலே இல்லை. அதைப் பொருட்படுத்தவில்லை.

இனி எழுதவேண்டியது இதுதான். செல்வத்தின் விளக்கு ஒருபோதும் ஒரே தூரத்தில் வந்ததில்லை. நெருங்கும், பின்தங்கும், மீண்டும் நெருங்கும். அவருடைய கை அப்படி. ஒன்பது ஆண்டுகளாக அதைக் குறைகூறி வந்திருக்கிறேன். அன்று 8.25-க்கும் 8.40-க்கும் கண்ணாடியில் இருந்த விளக்கு கொஞ்சமும் ஆடவில்லை. நான் அதைக் கவனிக்காமலில்லை. கவனித்தேன். ‘ஒருவழியாக வேகத்தைச் சீராகப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்’ என்று மகிழ்ந்தேன்.

8.45-க்கு மல்லூர் அருகே தேநீர்க் கடையில் நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டி என்னைக் கடந்தது. ஓர் இளம் தம்பதி. வழியெல்லாம் கையைக் கையை உயர்த்திய முதியவரை அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பெண் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனாள்.

செல்வம் 8.20-க்குப் புதுச்சத்திரத்தின் அருகே தலைசுற்றி விழுந்திருந்தார். தொலைபேசி உடைந்துவிட்டது. நான் பதினொரு நிமிடங்கள் தேநீர்க் கடையில் நின்றேன். வருவார் என்றிருந்தேன். பிறகு திரும்பினேன். 31 கிலோமீட்டர். 9.28-க்கு அவரைக் கண்டேன். லாரி ஓட்டுநர் ஒருவர் அவரைப் புளியமர நிழலில் கிடத்தியிருந்தார். ஆம்புலன்ஸ் 9.17-க்கே வந்திருந்தது. செல்வம் ஏற மறுத்திருக்கிறார். “என் ஆளு திரும்பி வருவான். நான் இங்க இல்லன்னா ரோடு பூரா தேடுவான்” என்றாராம். உடைந்த தொடையுடன், அவர்களைப் பதினொரு நிமிடங்கள் காக்கவைத்திருக்கிறார்.

அறுபத்தெட்டு நிமிடங்கள். முப்பத்தோராண்டுகள் எந்த ரயில் எங்கே இருக்கிறதென்று நிமிடக் கணக்கில் அறிந்திருந்தவன், தன் பின்னால் வந்த ஒரே மனிதர் எங்கே இருக்கிறார் என்று அறியவில்லை.

மாலையில் ஜெசிந்தா மருத்துவமனைக்கு அழுதுகொண்டே ஓடிவந்தாள். “நீங்க எங்க மாமா இருந்தீங்க?” என்றாள். சற்று முன்னால் சென்றுவிட்டேன், பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன் என்றேன். என் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் காலை, அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கம் செல்வத்துக்குத் தெளியுமுன் மதுரைக்குத் திரும்பினேன்.

17.03.2024, ஞாயிற்றுக்கிழமை

தொலைபேசியை எடுத்து செல்வத்தின் எண்ணைத் தேடினேன். காலை 9.00, 11.00, மாலை 4.30. அழைக்கவில்லை.

சிக்கந்தர் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுத் தந்தார். “யாரப் பாக்கப் போறீங்க சார், இவ்வளவு பக்குவமா?” என்று கேட்டார். உடன் பணிபுரிந்தவர் என்றேன்.

22.03.2024, வெள்ளிக்கிழமை

பயண ஏற்பாடுகள்: கையுறை, இரண்டு குப்பி தண்ணீர், மாத்திரைகள், இரு வேட்டிகள். 24-ஆம் தேதி காலை 6.10-க்கே ஓசூரிலிருந்து திரும்பிவிடுவதாகத் திட்டம். அதற்குமேல் அங்கிருக்கும்படி யாரும் சொல்லப்போவதில்லை.

சொல்லவேண்டிய வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கையும் கிழித்தேன்.

23.03.2024, சனிக்கிழமை

5.05-க்குப் புறப்பாடு. கரூர் தாண்டும்வரை கையாலேயே ஓட்டினேன். பெருவிரல் எரியத் தொடங்கியபின் க்ரூஸை எழுபதில் நிலைநிறுத்தினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தேன். விளக்குகள் வந்தன, போயின. எதுவும் என்னுடையதன்று. புதுச்சத்திரத்தில் இறங்கினேன். மரத்தடியில் ஒருவர் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினேன். உண்ண இயலவில்லை. தொப்பூர் மலைப்பாதையில் பொத்தானைத் தொடவில்லை.

பகல் 12.35-க்கு ஓசூர்.

செல்வம் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். மெலிந்துவிட்டார். மீசையை எடுத்திருந்தார், அது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

“வாய்யா கண்ட்ரோலரு. வழியில லைன் கிளியர் கெடைக்கலையா? இம்புட்டு லேட்டு” என்றார்.

ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டால் பின் சொல்ல முடியாது என்று தோன்றிற்று. நின்றபடியே சொன்னேன்.

“பத்து நிமிஷம் இல்லம்மா. அறுபத்தெட்டு நிமிஷம். பின்னால வந்தது உங்கப்பான்னு நெனச்சு யாரோ ஒருத்தருக்குக் கை காட்டிக்கிட்டே போயிட்டேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவள் தந்தையைப் பார்த்தாள். “அவ்வளவு நேரமா நீங்க ரோட்டுல கெடந்தீங்க?”

“நெழல்லதாம்மா கெடந்தேன்.”

“நீங்க சும்மா இருங்கப்பா.” பின் என்னிடம் திரும்பினாள். “எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா, நீங்கதான் அப்பாவக் காப்பாத்துனீங்கன்னு? கோயில்ல உங்க பேருக்குப் பூசை வச்சேன் மாமா.”

தண்ணீர்க் குவளையுடனேயே அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்டது.

“அவ கோவம் அவளுக்கு. நீ உக்காரு” என்றார் செல்வம்.

“நீ ஏன் அவகிட்ட சொல்லல?”

“நீ சொல்லுவேன்னுதான்.”

“உனக்குக் கோவம் இல்லையா?”

“ஏன் இல்ல? நெறைய இருக்கு.” எழுந்து அமர முயன்றார். நான் கைகொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். “ரோட்டுல விட்டுட்டுப் போனியே, அதுக்கு இல்ல. அது யாருக்கு வேணா நடக்கும். திரும்பி வந்தேல்ல. ஆஸ்பத்திரியில காலைல கண்ணு முழிச்சா நீ இல்லய்யா. பாத்ரூம் போயிருப்பான்னு நெனச்சேன். டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன். ஒரு போன் உண்டா? ஒரு லெட்டர் உண்டா? எதுக்கு நடக்கணும், எங்க போறதுக்குன்னு கெடந்தேன். நாலு மாசம்யா. முழுசா நாலு மாசம்.”

“நாலு மாசம் ஆகல” என்றேன். “அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. நூத்திப் பதினேழு நாள்.”

இதை ஏன் சொன்னேன் என்று இப்போது எழுதுகையிலும் விளங்கவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“எண்ணிக்கிட்டா இருந்த?”

“ஆமா.”

“தெனமுமா?”

“தெனமும்.”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா, வேறா என்று என்னால் நிச்சயிக்க இயலவில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடம். நேரம் பார்க்கவில்லை.

2.20-க்கு ஜெசிந்தா உணவு பரிமாறினாள். எனக்கும் பரிமாறினாள். உடனே அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

24.03.2024, ஞாயிற்றுக்கிழமை

காலை 6.10-க்குப் புறப்படுவதாக இருந்தேன். 5.40-க்குக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“யோவ். எந்திரி. அந்தத் துண்ட எடுத்துட்டு வாக்கர இங்க தள்ளு.”

கூடத்திலிருந்து வெளிவாசல் கேட்டுவரை பத்தொன்பது அடி. ஒவ்வொரு அடிக்கும் அவர் ரயில்வே இலாகாவில் மட்டுமே வழங்கும் வசைச்சொற்களைப் பயன்படுத்தினார். அவற்றை இங்கு எழுதுவதற்கில்லை. ஜெசிந்தா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்னோக்கி நடந்தேன். இருமுறை பூந்தொட்டியில் இடித்துக்கொண்டேன்.

“பின்னால பாத்து நடங்க மாமா, விழுந்துறப் போறீங்க” என்றாள் ஜெசிந்தா.

பார்க்கவில்லை.

கேட்டைத் தொட 14 நிமிடங்கள் ஆயின. இன்று புறப்படவில்லை.